பச்சை விறகு 1½ டன் வருது: எங்க அடுக்குறது, எப்படி எரிக்கிறது?

செம்மண்_சீமை:
எல்லாருக்கும் வணக்கம். சிவகங்கை பக்கம் கிராமத்து வீடு. காஸ் இருக்கு, ஆனாலும் வெந்நீர், மாட்டுக்குக் கஞ்சி, விசேஷத்துக்குச் சோறு எல்லாம் விறகுலதான். இந்த முறை மொத்தமா சீமைக்கருவேலம் 1 டன், சவுக்கு அரை டன் பேசியிருக்கோம். இப்பத்தான் வெட்டினது, பச்சை. சமையலறைப் பின்சுவத்தை ஒட்டி அடுக்கி, தார்ப்பாய் போட்டு நல்லா மூடிக் கட்டிடலாம்னு நினைப்பு. அந்த இடத்துல கரையான் உண்டு. அடுப்பு பின்பக்கச் சார்ப்புல, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. புகை உள்ளேயே சுத்துது, அம்மாவுக்கு இளைப்பு வேற. போர் போட்டப்ப மிச்சமான 4 இஞ்ச் பிவிசி பைப் கிடக்கு, அதையே புகைபோக்கியா வைக்கலாமா? வெந்நீருக்குப் பழைய செம்பு பாய்லர் இருக்கு. சிலிண்டரும் அதே சார்ப்புலதான். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

விறகுத்தொட்டி:
பைப் விஷயத்தை அடுப்பு தெரிஞ்சவங்க சொல்லுவாங்க. நான் விறகை மட்டும் சொல்றேன்.

முதல்ல விலை. பச்சை விறகுல எடையில ஏறக்குறைய 40 சதவீதம் தண்ணி. 1 டன் வாங்கினா 600 கிலோ கட்டை, 400 கிலோ தண்ணி. அதே லோடு காஞ்சு 15 சதவீத ஈரத்துக்கு இறங்கினா சுமார் 700 கிலோதான் நிக்கும். அதனால பச்சை விறகு கிலோ 7 ரூபாய்னா காஞ்சது 10 ரூபாய்ங்கிறது சரிக்குச் சரி. இந்தக் கணக்கை வச்சுப் பேரம் பேசுங்க. காஞ்ச விறகுன்னு சொல்லிப் பாதி ஈரத்தைத் தலையில கட்டுறதும் நடக்கும். அடிமரக் கட்டையில ஒண்ணைப் பிளந்து, பிளந்த முகத்தைக் கன்னத்துல வச்சுப் பாருங்க. சில்லுனு இருந்தா உள்ளே ஈரம். ரெண்டு கட்டையை ஒண்ணோட ஒண்ணு தட்டினா காஞ்சது கணீர்னு கேக்கும், பச்சை தொப்புனு கேக்கும். வெட்டு முகத்துல நடுவுல இருந்து வெளியே ஓடுற வெடிப்பு இருந்தா நல்லது. ஆனா அதை மட்டும் நம்பக் கூடாது. முனை காஞ்சு வெடிச்சிருக்கும், நடு பச்சையாவே இருக்கும்.

வந்து இறங்கினதும் பிளந்துடுங்க. மொத்தமா கிடந்தா தோல் ஈரத்தைப் பூட்டி வச்சுக்கும். சவுக்கு பச்சையில ரொம்ப லேசாப் பிளக்கும், காஞ்சா இரும்பு. கருவேலத்துல முடிச்சு அதிகம். கோடாரியோட மல்லுக்கட்டாம ஆப்பும் சம்மட்டியும் எடுங்க. மணிக்கட்டுத் தடிமன், ஒண்ணரை அடி நீளம் போதும். பிளக்க முடியாத சின்ன உருட்டுக் கட்டையா இருந்தா ஒரு பக்கத் தோலை மட்டும் சீவி விடுங்க, அது வழியா ஈரம் போயிடும். முள்ளுக் கிளையெல்லாம் தனியா. அந்த முள் ரப்பர் செருப்பைத் துளைச்சுக்கிட்டு மேல வரும், உள்ளே ஒடிஞ்சா சீழ் பிடிக்காம விடாது. தடித்த ஷூவும் தோல் கையுறையும் இல்லாம யாரும் கை வைக்க வேணாம்.

இடம்: சுவத்தை ஒட்டிப் போடாதீங்க. கரையான் மண் கோடு இழுத்து விறகு வழியா ஏறி ஜன்னல் சட்டத்துக்குப் போயிடும், சுவத்துக்கும் விறகுக்கும் நடுவுல நடக்கிறது நமக்குத் தெரியவே தெரியாது. பெரிய அட்டி, அதாவது விறகு அடுக்கு, வீட்டுல இருந்து 30 அடி தள்ளி இருக்கணும். இடமில்லைன்னா முடிஞ்ச அளவு தள்ளுங்க. எப்படிப் பார்த்தாலும் எந்தச் சுவத்துக்கும் அட்டிக்கும் நடுவுல ஒரு ஆள் பக்கவாட்டுல நுழையுற சந்து இருக்கணும்.

கீழே ஹாலோ பிளாக் ரெண்டு வரிசை, 3 அடிக்கு ஒண்ணா வைங்க. அது மேல நீளவாக்குல கல்லுக்காலோ பழைய ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப்போ. தரைக்கும் முதல் கட்டைக்கும் 8 இஞ்ச், 1 அடி காலி இருக்கணும், குனிஞ்சா அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியணும். மரச்சட்டம் வேணாம், அதுவே கரையானுக்கு ஏணி. 10 அடி நீளம், 4 அடி உயரம், ஒண்ணரை அடி அகலம்னா 60 கன அடி. நேரான சவுக்கு ஒரு டன் அதுல அடங்கும். கோணல் கருவேலம் ஒரு டன்னுக்கு அதைப் போல ஒண்ணரை மடங்கு இடம் கேக்கும். 4 அடிக்கு மேல ஏத்தாதீங்க. ரெண்டு முனையிலும் குறுக்கும் நெடுக்குமா தூண் மாதிரி கட்டி, நடுவுல எல்லாத்தையும் ஒரே வாக்குல அடுக்குங்க. விறகு காயக் காய சுருங்கும், அட்டி ஒரு பக்கம் சாயும். குழந்தைங்க ஏறி விளையாடுற வீடா இருந்தா முனைக்கு ஒரு இரும்புக் கம்பம் நட்டுடுங்க.

தார்ப்பாய் மூடிக் கட்டுறது தப்பு. உள்ளே வேர்த்து, பூஞ்சணம் பிடிச்சு, வெட்டினப்ப இருந்ததை விட மோசமாயிடும். மேல மட்டும் தகரம், அரை அடி முன்னால நீட்டி, சரிவா. பக்கமெல்லாம் திறந்து கிடக்கட்டும். உங்க ஊர்ல பெரிய மழை ஐப்பசி கார்த்திகையில வடகிழக்குல இருந்து அடிக்கும். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் சாக்குப் படுதா தொங்க விடுங்க, தரையைத் தொடாம. தென்காசிப் பக்கம், மேற்கு மலைப் பக்கம்னா சாரல் தென்மேற்குல இருந்து வரும், அங்க கணக்கு மாறும்.

பிளந்து இப்படிப் போட்டா மாசியில இருந்து வைகாசிக்குள்ள தயார். பிளக்காத கட்டைக்கு இந்தக் கோடை போதாது. சந்தேகம்னா தராசு வைங்க: நடு அட்டியில மூணு துண்டுக்குச் சுண்ணாம்புல நம்பர் போட்டு எடை எழுதி வச்சுக்கிட்டு, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நிறுத்துப் பாருங்க. எடை குறையறது நின்னுட்டா காஞ்சாச்சு.

பனங்கை:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். கீழ் பிளாக்குக்கும் முதல் வரிசைக் கட்டைக்கும் வண்டியில இருந்து வடிச்ச பழைய என்ஜின் ஆயில் பூசினா கரையான் கிட்டவே வராது. எங்க பக்கம் எல்லாரும் செய்யறதுதான். அடுப்புக்கு மேல ஒரு பரண் அடிச்சு ஒரு வாரத்து விறகைப் போட்டு வச்சா அடைமழையிலயும் ஈரக் கட்டை பிரச்சினை இல்ல.

சிவப்புவண்டி:
பனங்கை, இரண்டும் ஆபத்து. கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

பழைய ஆயிலில் இன்ஜினுக்குள் தேய்ந்த உலோகத் துகள்கள் இருக்கும். மழையில் கரைந்து மண்ணுக்கும் கிணற்றுக்கும் போகும். ஆயில் பூசிய கட்டை என்றாவது ஒரு நாள் கை தவறி அடுப்புக்குள்ளும் போகும். குளோர்பைரிபாஸ் மாதிரி கரையான் மருந்தை விறகின் மேல் அடிப்பது அதைவிட மோசம், அந்தப் புகையைச் சமைப்பவர்தான் மூச்சில் இழுக்க வேண்டும். மருந்து அடிக்கத்தான் வேண்டும் என்றால் வீட்டு அஸ்திவாரத்தைச் சுற்றி மண்ணில், அதற்கென்று இருக்கும் ஆட்களை வைத்து. விறகுக்கு வேண்டியது பிளாக்கின் மேல் ஒரு தகரத் துண்டு. பிளாக்கை விட இரண்டு இஞ்ச் எல்லாப் பக்கமும் நீண்டு, ஓரம் கீழ்நோக்கி மடங்கியிருக்க வேண்டும். கரையான் அதைத் தாண்ட வேண்டுமானால் வெளியே தெரிகிற மாதிரி மண் குழாய் கட்டியாக வேண்டும். வாரம் ஒரு முறை விளக்குமாற்றால் தட்டிவிட்டால் தீர்ந்தது.

பரண் பற்றி: அடுப்புக்கு நேர் மேலே மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும் விறகில் புகைக்கரியும் நூலாம்படையும் படிந்திருக்கும். ஒரு பொறி போதும். அது மேலே பிடித்தால் கீழே நிற்பவர் தலையில்தான் விழும், ஓடுகிற வழியும் அடைபடும். அடைமழைக்கு விறகு உள்ளே வேண்டும் என்றால் சுவரோரம் ஒரு நாள் விறகு, அடுப்பு வாயிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளி, கதவுப் பக்கம் இல்லாமல். செத்தை, மட்டை, பன்னாடை எல்லாம் வேறு மூலையில் மூடிய டின்னில்.

இனி கேள்வி கேட்டவருக்கு. உங்கள் பதிவில் எனக்குப் பயம் தருவது பிவிசி பைப் இல்லை, சிலிண்டர். சமையல் எரிவாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழும். விறகடுப்பின் தீயும் தரை மட்டத்தில்தான் இருக்கிறது. கசிவு வாசனை நின்றுகொண்டிருக்கும் ஆள் மூக்குக்கு வருவதற்கு முன்னால் தணலைத் தொட்டிருக்கும். தணல் அணைந்துவிட்டது என்று நினைக்கும் இரவு நேரமும் இதில் சேர்த்திதான். ஒன்று சிலிண்டரைச் சுவருக்கு அந்தப் பக்கம் கொண்டு போங்கள், அல்லது விறகடுப்பை வெளியே கொண்டு போங்கள். இரண்டும் ஒரே சார்ப்புக்குள் வேண்டாம்.

மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றிப் பற்ற வைப்பதும் அப்படியே. புதிய அடுப்பில் ஊற்றும்போது ஒன்றும் ஆகாததால் தைரியம் வந்துவிடுகிறது. தீ அணைந்த மாதிரி இருக்கும் தணல் மேல் ஊற்றும்போதுதான் விபத்து: எண்ணெய் ஆவியாகிப் பரவி, ஒரு நொடி கழித்து மொத்தமாகப் பிடிக்கும், தீ பாட்டில் வரைக்கும் ஓடி வரும். ஒரு வில்லை சூடம், இரண்டு கொட்டாங்குச்சி, ஒரு பிடி தேங்காய் நார், விரல் தடிமன் சுள்ளி பத்து. இதில் பிடிக்காத அடுப்பு என்றால் விறகு ஈரம் என்று அர்த்தம், எண்ணெய் பற்றாது என்று அர்த்தம் இல்லை.

சாம்பலில் புதைந்த கங்கு இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு இருக்கும். சாம்பல்தான் அதற்குப் போர்வை. பிளாஸ்டிக் வாளியிலோ குப்பைக் குழியிலோ வைக்கோல் போர் பக்கமோ சுடச்சுடக் கொட்டாதீர்கள். மூடி போட்ட தகர டின்னில் அள்ளி, திறந்த வெளியில், மண் தரையில் வைத்து, மூன்று நாள் கழித்துப் பாத்திரம் தேய்க்கவோ செடிக்கோ எடுங்கள்.

அடுப்புப் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். எண்ணெய்ச் சட்டி பிடித்தால் தண்ணீர் கூடாது, தட்டு போட்டு மூடி, விறகை வெளியே இழுங்கள். துணியில் பிடித்தால் ஓடக் கூடாது, படுத்து உருள வேண்டும். சமைப்பவர் பருத்தி கட்டி, முந்தானையை இடுப்பில் செருகியிருக்க வேண்டும். நைலக்ஸ், பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும். தீப்புண்ணுக்கு 20 நிமிடம் குழாய்த் தண்ணீர், அவ்வளவுதான். பற்பசை, மாவு, மை எதுவும் பூசாதீர்கள், ஐஸ் வேண்டாம். வளையல், மோதிரத்தை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108.

கொடியடுப்பு:
அம்மாவுக்கு இளைப்பு என்று படித்ததால் புகையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

புகை என்பது எரியாமல் தப்பிய விறகு. கட்டை சூடானதும் அதிலிருந்து வாயு கிளம்பும், அந்த வாயு எரிவதுதான் தீக்கொழுந்து. ஈரக் கட்டையில் சூடெல்லாம் தண்ணீரை விரட்டவே போய்விடும். கணக்குப் போட்டால் 40 சதவீத ஈரத்துக்கு விறகின் மொத்தச் சூட்டில் பத்தில் ஒரு பங்குதான் ஆவிக்குப் போகிறது. அது பெரிய நஷ்டம் இல்லை. தீயின் சூடு இறங்கிவிடுவதால் வாயு எரியாமலே நழுவுவதுதான் பெரிய நஷ்டம். கண்ணில் கரிப்பதும் நெஞ்சில் போவதும் அதுதான்.

அடுத்தது காற்று. பெரும்பாலான வீடுகளில் அடுப்பு வாயை விறகால் அடைத்துவிட்டு ஊதாங்குழலால் ஊதிக்கொண்டிருப்பார்கள். மூன்று கட்டை, நுனி மட்டும் உள்ளே, கட்டைக்கும் கட்டைக்கும் விரல் இடைவெளி. எரிய எரிய உள்ளே தள்ள வேண்டும். கட்டைக்கு அடியில் காற்று போக வேண்டும், அதற்கு அடுப்பின் தரையிலிருந்து இரண்டு மூன்று இஞ்ச் மேலே ஒரு வார்ப்பிரும்புச் சல்லடை போடுங்கள், அடியில் சாம்பல் சேரச் சேர வாரிவிடுங்கள். பாத்திரத்துக்கும் அடுப்பு விளிம்புக்கும் நடுவில் குமிழ் மூன்று வைப்போமே, அதன் உயரம் ஏறக்குறைய சுண்டுவிரல் தடிமன் இருக்கட்டும். உயர்ந்தால் சூடு வெளியே ஓடும், தாழ்ந்தால் தீ மூச்சுத் திணறிப் புகையாகும்.

மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் 10 முதல் 15 சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகும். தயாராக விற்கும் உலோக அடுப்பு வாங்குவதாக இருந்தால் ஐஎஸ் 13152 (இந்தியத் தர எண்) முத்திரை பாருங்கள். அந்தத் தர அளவுப்படி சாதாரண அடுப்புக்கு 25, சின்ன விசிறி வைத்த அடுப்புக்கு 35 சதவீதம் குறைந்தபட்சம் இருக்க வேண்டும். கஞ்சிக்கும் வெந்நீருக்கும் விசிறி அடுப்பு வசதி, ஆனால் அதற்குக் கட்டையைச் சின்னச் சின்னதாக நறுக்க வேண்டும், கருவேலத்தில் அது பெரும்பாடு.

பிவிசி பைப் கூடவே கூடாது. 80 டிகிரிக்குள்ளேயே குழைந்து தொங்கும், பிறகு கருகி அமில வாயு விடும். அடுப்பிலிருந்து முதல் 4 அடிக்குச் செங்கல், அதற்கு மேல் 4 அல்லது 6 இஞ்ச் ஜிஐ குழாய். வளைவு வேண்டும் என்றால் ஒன்று, அதுவும் 45 டிகிரி. ஒவ்வொரு வளைவும் புகையை மேலே இழுக்கும் இழுவையைக் குறைக்கும். கூரையைத் தாண்டி 3 அடி மேலே போக வேண்டும், பத்தடி சுற்றளவில் இருக்கும் எந்த மேட்டையும் விட 2 அடி உயர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் காற்றடிக்கும் நாளில் புகை திரும்பி வீட்டுக்குள் வரும். மேலே தொப்பி, அதில் அரை இஞ்ச் கண் வலை, பொறி பறக்காமல் இருக்க. கீற்றுக் கூரையைத் துளைத்துக் குழாய் போடுவது என்ற பேச்சே வேண்டாம். மரச்சட்டத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளிப் போகட்டும். உங்கள் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை நீங்களே ரம்பத்தால் அறுக்காதீர்கள், அந்தத் தூள் நுரையீரலில் போனால் திரும்பாது. அந்த ஒரு ஷீட்டைக் கழற்றிவிட்டுத் தகரம் போட்டு அதில் துளை எடுப்பதுதான் உத்தமம்.

குழாய்க்குள் தார் மாதிரி பளபளவென்று கறுப்புப் படியும். ஈர விறகும் அடக்கி எரித்த தீயும்தான் அதற்குக் காரணம்: புகை குழாயில் ஏறும்போது குளிர்ந்து சுவரில் ஒட்டுகிறது. அது ஒரு நாள் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும், லாரி போகிற மாதிரி உறுமல் கேட்கும். அப்படிக் கேட்டால் அடுப்பு வாயை ஈரச் சாக்கால் அடைத்துக் காற்றை நிறுத்திவிட்டு 101ஐக் கூப்பிடுங்கள், மேலிருந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். அது வராமலிருக்க, தினமும் எரிக்கும் வீட்டில் மாதம் ஒரு முறை கம்பித் தூரிகையால் தேய்த்து இறக்க வேண்டும். அதற்காகவே குழாயின் அடியில் திறந்து மூடுகிற ஒரு வாய் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். கொத்தனார்கள் இதை மட்டும் மறக்காமல் மறப்பார்கள்.

இன்னொன்று. இளைப்பு உள்ளவர் அந்தச் சார்ப்பில் அடுப்பூத உட்காரவே கூடாது. புகைபோக்கி வந்த பிறகும்தான்.

அடுப்புக்குள் போகக் கூடாதது பற்றி யாரும் சொல்லவில்லை. அரளி வேண்டாம், அதன் புகையும் கெடுதல், அரளிக் குச்சியால் கிளறவும் கூடாது. எருக்கு வேண்டாம். கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தில்லை மரம் தெரியும், அதன் பால் கண்ணைக் கெடுக்கும். பெயின்ட் அடித்த பழைய கதவு, ஜன்னல் வேண்டாம், பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், எரித்தால் அது சாம்பலில் தங்கும், அந்தச் சாம்பலில் பாத்திரம் தேய்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பிளைவுட், பழைய ரயில் கட்டை, பச்சை நிறம் ஏறிய மருந்துக் கட்டை, சைக்கிள் டியூப், பால் கவர் எதுவும் வேண்டாம். பற்ற வைக்க டியூப் துண்டு போடுவது பழக்கமாகிவிட்ட வீடுகள் நிறைய. சூடம் என்ன விலை?

கோத்தகிரி_குளிர்:
மேலே எல்லாரும் கண்ணுக்குத் தெரியற புகையைப் பத்திச் சொல்லிட்டாங்க. தெரியாததைச் சொல்றேன். மலையில இது வருசா வருசம் உயிரை வாங்குது.

விறகு நல்லா எரிஞ்சு தணலாகும்போது புகை நின்னுடும். அப்பத்தான் ஆபத்து இல்லைன்னு நினைப்போம். கார்பன் மோனாக்சைடு அப்பத்தான் அதிகம், கரியிலயும் அப்படியே. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, இருமல் வராது. ரத்தத்துல ஆக்சிஜன் உட்கார்ற இடத்தை அது 200 மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சுக்கும். தலைவலி, குமட்டல், தலைசுத்தல், அப்புறம் தூக்கம் மாதிரி மயக்கம். கூட இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலைவலின்னா சந்தேகமே வேணாம், வெளியே ஓடணும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் கரியடுப்பையோ பார்பிக்யூ சட்டியையோ குளிருக்கு அறைக்குள்ள வச்சுக் கதவைச் சாத்தித் தூங்கினவங்க காலையில எழுந்திரிக்காத செய்தி அடிக்கடி வரும். ஜன்னலை ஒரு விரல் திறந்து வச்சா போதும்கிறது தப்பு.

சிவகங்கையில குளிர் காய மாட்டீங்க, ஆனா உங்க செம்பு பாய்லர் இருக்கே. அதைக் குளியலறைக்குள்ள வச்சு எரிச்சா இதே கதைதான். பாய்லர் வெளியில, மேல தகரம் போட்டு, வெந்நீர் மட்டும் வாளியில உள்ளே வரணும்.

பாய்லரைப் பத்தி இன்னும் கொஞ்சம். நடுவுல தீக்குழாய், சுத்தித் தண்ணி. மேல இருக்கிற குவளையில பச்சைத் தண்ணி ஊத்தினா அது அடிக்கு இறங்கி, மூக்கு வழியா வெந்நீரைத் தள்ளும். இதுக்கு அழுத்தமே கிடையாது, அதனாலதான் பத்திரம். அந்த மூக்குல குழாய் மாட்டி மூடி வச்சீங்கன்னா, மேல் குவளைக்கும் டாங்கியில இருந்து நேர் லைன் கொடுத்தீங்கன்னா, அது வெடிகுண்டு. மூக்கு எப்பவும் திறந்தே இருக்கணும். தீ மூட்டறதுக்கு முன்னால மூக்குல தண்ணி வழியற வரைக்கும் ஊத்துங்க. ஒவ்வொரு வாளி எடுக்கும்போதும் மேல ஊத்தித்தான் எடுக்க முடியும்கிறதால வத்தாதுன்னு நினைப்பாங்க, ஆனா கொதிச்சு ஆவியாப் போறது கணக்குல வராது. தண்ணி வத்தி வெறும் பாய்லர் காஞ்சா ஈயப் பத்து 230 டிகிரி பக்கம் உருகிடும், மூட்டு விட்டுப் போகும், கொதிநீர் தீ மேல கொட்டி ஆவி முகத்துல அடிக்கும். தீக்குழாய் உள்ளே படியற கரியைப் பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை சுரண்டி எடுங்க. அரைக்கால் இஞ்ச் கரி படிஞ்சாலே தண்ணி சூடாக ரொம்ப நேரம் பிடிக்கும். இதுக்குக் கட்டை வேணாம். மட்டை, கொட்டாங்குச்சி, சோளத்தட்டை போதும்.

செம்மண்_சீமை:
எல்லாருக்கும் நன்றி. சிலிண்டரை வெளிச்சுவத்துக்கு மாத்தறோம், பைப் யோசனையை விட்டாச்சு. விறகு அட்டியில பாம்பு, தேள் சேருமேன்னு அம்மா பயப்படுறாங்க. அதுக்கு என்ன செய்யலாம்? சாயங்காலம்தான் விறகு எடுக்க நேரம் கிடைக்குது. அப்புறம் தற்காலிகமா பின்னாடி சிமென்ட் தரையிலயே மூணு செங்கல் வச்சு எரிக்கலாமா, விசேஷச் சமையலுக்கு?

விறகுத்தொட்டி:
பாம்பு விறகுக்கு வர்றதில்ல, எலிக்கு வருது. அட்டியைச் சுத்தி நெல்லு, தவிடு, கோழித் தீவனம் சிந்தாம பார்த்துக்குங்க. ஒரு பாகம் (ரெண்டு கையையும் விரிச்ச நீளம்) அகலத்துக்குப் புல் பூண்டு இல்லாம சரளை கொட்டி வைங்க. கீழே ஒரு அடி காலி விடச் சொன்னதுக்கு இதுவும் காரணம், வெளிச்சம் விழுற இடத்துல அது படுக்காது. உங்க வறண்ட சீமையில கல்லு, கட்டை இடுக்குல சுருட்டைவிரியன் கிடக்கும், சின்னதுதானேன்னு அலட்சியம் வேணாம். கட்டுவிரியன் ராத்திரிதான் நடமாடும். அதனால விறகை பகல்ல எடுத்து வச்சுக்குங்க. எடுக்கறப்ப மேல் வரிசையில இருந்து, ஒரு கம்பால தட்டிவிட்டு, ஒவ்வொரு கட்டையா. கைக்குள்ள அணைச்சுக்கிட்டு வர்ற பழக்கம் வேணாம். தேள் பட்டைக்கு அடியில ஒட்டிக்கிட்டு இருக்கும், அட்டியில தோல் கழண்ட கட்டை எவ்வளவு இருக்கோ அவ்வளவு தேள். பட்டையை முன்னாடியே உரிச்சு எரிச்சுடுங்க. ஊதாக் கதிர் டார்ச்சுனு கடையில கிடைக்கும், அதை இருட்டுல அடிச்சா தேள் பச்சையா மின்னும், ஒரு பார்வையிலயே தெரிஞ்சுடும். மழைக்காலத்துல மட்டும் அது கூடவே இருக்கட்டும்.

கடிச்சா கயிறு கட்டறது, கீறறது, வாய் வச்சு உறிஞ்சறது எதுவும் செய்யாம, கடிபட்ட கையை ஆட்டாம, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். செந்தேள் கொட்டினாலும் அப்படியே, குழந்தைன்னா ஒரு நிமிசம் தாமதம் வேணாம்.

கொடியடுப்பு:
சிமென்ட் தரையில் நேராக எரிக்காதீர்கள். காங்கிரீட்டுக்குள் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும், சூட்டில் அது ஆவியாகித் தரையை ஓடு ஓடாகப் பெயர்த்து எறியும், கல் சில்லு முகத்துக்கு வரும். கடப்பா கல், கிரானைட், ஆற்றங்கரையில் எடுத்த உருண்டைக் கல் எல்லாம் இதே ரகம். 4 இஞ்ச் காய்ந்த மணல் பரப்பி, அதற்கு மேல் செங்கல் ஒரு வரிசை படுக்கவைத்து, அதற்கு மேல் அடுப்பு. ஈரச் செங்கலை எடுத்து வந்து வைக்காதீர்கள், அதுவும் வெடிக்கும். முதலில் சின்னத் தீயில் கால் மணி நேரம் காய வையுங்கள். பெரிய அண்டா என்றால் மூன்று செங்கல் தாங்காது, பாதியில் ஒன்று சரியும். இரும்பு முக்காலி ஒன்று வாடகைப் பாத்திரக் கடையிலேயே கேளுங்கள், தருவார்கள். பந்தலின் கீற்று அடுப்புக்கு மேலே வராமல் பந்தல்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் அடுப்பு வாய் இருக்கட்டும், ஆள் நிற்பதும் அந்தப் பக்கம்தான்.

சிவப்புவண்டி:
விசேஷம் முடிந்த ராத்திரி அந்தப் பெரிய அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாரும் அசந்து போய்ப் படுத்துவிடுவார்கள். தணல் மேல் ஒரேயடியாக வாளியைக் கவிழ்த்தால் ஆவியும் சாம்பலும் கிளம்பிக் காலைச் சுடும். கட்டைகளைப் பிரித்துப் போட்டு, தள்ளி நின்று, குவளை குவளையாகத் தெளித்து, கம்பால் கிளறி, மறுபடி தெளியுங்கள். புஸ் சத்தம் நின்ற பிறகு புறங்கையைப் பக்கத்தில் கொண்டு போய்ப் பாருங்கள், சூடு அடித்தால் இன்னும் வேலை பாக்கி.

செம்மண்_சீமை:
மீட்டர் பெட்டி இருக்கிற பக்கச் சுவர்லதான் தள்ளி வைக்க இடம் இருக்கு. அங்க அட்டி போடலாமா?

விறகுத்தொட்டி:
வேணாம். மீட்டருக்கும் அட்டிக்கும் நடுவுல குறைஞ்சது ஒரு ஆள் நீளம் விடுங்க, மேல சர்வீஸ் ஒயர் போற கோட்டுக்கு அடியிலயும் வேணாம். மாட்டுக்கொட்டகையைத் தாண்டி வடக்கால இடம் இருந்தா அங்க போடுங்க. வைக்கோல் போர் எங்க இருக்குன்னு சொல்லுங்க, அதையும் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்.